நாய்க்கு வீடு எது? கூண்டா, கெனலா, பட்டியா?

மாட்டுக்குத் தொழுவம் உண்டு. ஊருக்கு ஊர் அதைக் கொட்டில், கொட்டகை, கட்டுத்தரை என்று வேறு வேறு பெயரிட்டு அழைத்தாலும் பொருள் ஒன்றே. குதிரைக்கு லாயம், ஆட்டுக்குப் பட்டி, கோழிக்குக் குடாப்பு அல்லது பஞ்சாரம், புறாவுக்கு மாடம். இவை அனைத்துக்கும் இரவு முழுவதும் காவல் கிடக்கும் நாய்க்கு மட்டும் ஒரு வீட்டுப் பெயர் நம் பேச்சில் நிலைத்து நிற்கவில்லை. நாய் திண்ணை ஓரத்தில் படுத்தது. வண்டிக்கு அடியில் படுத்தது. மழை வந்தால் வைக்கோற்போர் மறைவில் ஒண்டிக்கொண்டது. வீடு இல்லாத பிராணிக்கு வீட்டுப் பெயர் எதற்கு என்று முன்னோர் விட்டுவிட்டார்கள் போலும்.

இப்போது அந்தக் குறை தீர்ந்து, பெயர்கள் தேவைக்கு மேல் பெருகிவிட்டன. நாய்க்கூண்டு என்கிறார் ஒருவர். நாய்க்குடில் என்கிறார் இன்னொருவர். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக் 'கெனல்' என்று சொல்பவர்களே இன்று அதிகம். செய்தித்தாள்களில் 'நாய்க் காப்பகம்' என்று வருகிறது. இவை எல்லாம் ஒன்றல்ல. சொல்லில் உள்ள குழப்பம் செயலிலும் வந்துவிடுகிறது. அதன் நட்டம் நாய்க்கு மட்டுமல்ல, பட்டியில் அடைந்துள்ள ஆடுகளுக்கும் சேர்த்துத்தான்.

திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள்.

"நாயிக்குக் கெனல் வெக்கோணும்னு சொன்னீங்களே டாக்டருங்க, வெச்சுப்போட்டனுங்க. கம்பி அடிச்சு, மேல தகரம் போட்டு, வெல்டிங் பட்டறையில சொல்லிச் செஞ்சதுங்க."

"எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"ஊட்டு வாசல்லதானுங்க."

"ஆடு எங்கே அடைக்கிறீர்கள்?"

"அது கொறங்காட்டுலங்க. அரை மைல் இருக்குமுங்க."

மருத்துவர் மனத்தில் இருந்த கெனல் வேறு, பட்டறையில் உருவான கெனல் வேறு. நாய் வீட்டைக் காக்கிறது. ஆடு அரை மைலுக்கு அப்பால் தனியே கிடக்கிறது.

கெனல் என்ற சொல்

கெனல் என்பது ஆங்கிலத்துக்கும் சொந்தச் சொல் அல்ல. இலத்தீன் மொழியில் நாய்க்குக் 'கானிஸ்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து சென்று கெனல் ஆயிற்று. அங்கே பிரபுக்கள் வேட்டை நாய்களைக் கூட்டமாக வளர்த்தார்கள். அந்தக் கூட்டம் தங்கும் கட்டடமே முதலில் கெனல். பிறகு ஒற்றை நாயின் மரவீட்டுக்கும் அதே பெயர் வந்தது. நாய் இனங்களைப் பெருக்கி விற்கும் இடத்துக்கும் அதுவே பெயர். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயைக் காசு கொடுத்து விட்டுச்செல்லும் இடமும் கெனல்தான். 1873-இல் இலண்டனில் தொடங்கிய கெனல் கிளப் இன வரலாற்றைப் பதிவு செய்யும் சங்கம். அதற்கும் கூரைக்கும் தொடர்பில்லை.

ஆகவே 'கெனல்' என்று பலகை கண்டால் அது குட்டி விற்கும் இடம் என்றும், மருத்துவர் வாயில் 'கெனல்' என்று கேட்டால் வெயில் மழைக்கு ஒதுங்கும் இடம் என்றும், நகராட்சி அறிவிப்பில் வந்தால் பிடித்த நாய்களைக் கருத்தடைக்கு முன்னும் பின்னும் அடைத்து வைக்கும் அறை என்றும் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். காப்பகம் என்பது தெருநாய்களைப் பலவாகச் சேர்த்து வைத்துப் பராமரிக்கும் இடம். 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு இந்தச் சொல் கிராமத்துத் தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. விவசாயியின் ஒற்றை நாய்க்கும் அதற்கும் தொடர்பு ஏதுமில்லை.

கூண்டு என்ற சொல்தான் மிகவும் தவறான வழியைக் காட்டுகிறது. கிளிக்குக் கூண்டு, எலிக்குக் கூண்டு, சிறுத்தைக்குக் கூண்டு என்னும்போது, வெளியே விடாமல் அடைப்பது என்பதே அதன் பொருள். நாய்க்கூண்டு என்று சொல்லிப் பழகியவர் நாயை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவதில் வியப்பில்லை. நாய்க்கு வேண்டியது தாழ்ப்பாள் இல்லாத வீடு. வேண்டும்போது நுழையவும், வேண்டும்போது வெளியே வரவும் வழி இருந்தால்தான் அது காவல் காக்கும்.

பட்டி என்ற சொல்

நம்மிடம் உள்ள சொற்களில் விவசாயிக்கு மிகவும் பயன்படுவது பட்டிதான். இதன் பொருள் விரிவானது. ஆடு மாடு அடைக்கும் வேலி சூழ்ந்த இடம் பட்டி. அப்படி அடைத்த இடத்தைச் சுற்றி மக்கள் குடியேறி ஊரானபோது ஊர்ப் பெயரிலும் அது ஒட்டிக்கொண்டது. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, கோவில்பட்டி என்று தென் மாவட்டங்களில் எத்தனை பட்டிகள்! அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடமும் பட்டி. சில ஊர்களில் அதைக் கொண்டித்தொழு என்பார்கள், பவுண்டு என்றும் சொல்வார்கள். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு முறை வகுத்தது. கட்டுக்கு அடங்காமல் கண்ட வயலில் மேயும் மாட்டைப் 'பட்டி மாடு' என்று திட்டுவதும் உண்டு. அடைக்கும் இடத்துக்கும் அடங்காத மாட்டுக்கும் ஒரே சொல் வழங்குவது வேடிக்கை.

கொங்கு நாட்டில் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்று கொண்டாடுகிறார்கள். ஈழத்துத் தமிழர்களும் அதே பெயரைத்தான் வழங்குகிறார்கள். இடையில் கடல் இருந்தும் சொல் மாறவில்லை. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போனால் மாறிவிடுகிறது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய்! 'எங்கள் பட்டியில் ஐம்பது உருப்படி' என்று இங்குள்ளவர் பெருமையாகச் சொன்னால், அங்கிருந்து ஆடு வாங்க வந்தவர் ஒரு கணம் திகைப்பார். இரண்டு சொல்லும் ஒரே வேரா, வேறு வேறா என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விவசாயி கவனிக்க வேண்டியது 'பட்டி நாய்' என்ற தொடரை.

பட்டி நாய் என்றால் பட்டியில் கிடக்கும் நாய். வீட்டு நாய் அல்ல, தோட்டத்து நாயும் அல்ல. அதன் வீடு எது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தென் மாவட்டங்களில் கிடை போடும் கீதாரிகளும் கிடை நாய் என்றே சொல்கிறார்கள். இன்று இந்த ஊரில் கிடை, நாளை அடுத்த ஊரில் கிடை என்றாலும் நாய்க்கு வீடு மாறுவதில்லை. கிடை எங்கே மறிக்கப்படுகிறதோ அங்கே அதன் வீடு. நாய்க்குத் தனி வீட்டுப் பெயர் தமிழில் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம்.

ஆடு போன கதை

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் பட்டிகளுக்குள் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து செம்மறி ஆடுகளைக் கடித்துக் கொன்ற நிகழ்ச்சிகள் 2024, 2025 ஆண்டுகளில் தொடர்ந்து நடந்தன. இறந்த ஆடுகளைக் கொண்டுவந்து வைத்து விவசாயிகள் போராட்டம் நடத்தினார்கள். தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்க அரசும் 2025-இல் முன்வந்தது.

இந்தப் பகுதியின் மேய்ச்சல் முறையை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். கொறங்காடு என்பது கிளுவை வேலி சூழ்ந்த சொந்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மழை குறைந்த மண்ணில் ஆட்டையும் மாட்டையும் நம்பி வாழ அமைந்த அருமையான ஏற்பாடு இது. பகலில் ஆடுகள் காட்டுக்குள் தாமாக மேயும், இரவில் அங்கேயே பட்டியில் அடையும். வீடு ஓரிடம், காடு ஓரிடம். உயிர்வேலி உயிரோடும் அடர்த்தியோடும் இருந்தவரை கவலையில்லை. கிளுவை பட்டுப்போய் இடைவெளி விழுந்த வேலி வழியாக நாய் நுழைவதற்கு ஒரு சாண் இடம் போதும். இட்டேரி வழியாக வரும் நாய்க் கூட்டத்துக்கு அது திறந்த கதவு.

நாய்க் கூட்டம் பசிக்காக மட்டும் கடிப்பதில்லை. ஆடுகள் மிரண்டு ஓட ஓட அதற்கு வேகம் பிறக்கிறது. தொடையிலும் தொண்டையிலும் கடித்துவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விடும். தின்றது ஒன்றாக இருக்கும், கிடப்பது இருபதாக இருக்கும். கடிபடாத ஆடுகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மூச்சுத் திணறிச் சாகின்றன. இரண்டு மூன்று ஏக்கர் கொறங்காடும் இருபது மறியும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே இரவில் ஆண்டு வருமானம் போய்விடுகிறது.

இப்படி நடந்துவிட்டால், வருத்தத்தில் உடனே குழி தோண்டிப் புதைத்துவிடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி, படம் எடுத்து, பிரேதப் பரிசோதனை முடித்த பிறகே புதைக்க வேண்டும். சான்று இல்லாத இழப்புக்கு ஈடு கேட்பது கடினம்.

குட்டியிலேயே பட்டிக்கு

பட்டி நாயைப் பெரிதான பிறகு கொண்டுவந்து பட்டியில் கட்டிப் பயனில்லை. நாய்க்குட்டி பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து 12 அல்லது 14 வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டம் என்று நினைத்துக்கொள்ளும். மனிதரோடு மட்டும் வளர்ந்தால் மனிதரைக் காக்கும். ஆட்டோடு வளர்ந்தால் ஆட்டைக் காக்கும். ஆகவே 8 வார வயதில் குட்டியைப் பட்டிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சோறும் பட்டியிலேயே வைக்க வேண்டும். வீட்டில் சோறு வைத்துவிட்டுக் காவலுக்குக் காட்டுக்குப் போ என்றால் நாய் கேட்காது, நாமும் கேட்கமாட்டோம். குழந்தைகள் தூக்கிக் கொஞ்சுவதையும் ஓரளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் தொடவே விடாமல் வளர்த்தால் பின்னால் ஊசி போட யார் பிடிப்பது? நாள்தோறும் வீட்டார் ஒருவர் கையால் தடவி, சங்கிலிக்கும் பழக்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் மறிகள் குட்டியை முட்டும். அப்போதுதான் நாய்க்கு உண்மையான வீடு தேவைப்படுகிறது. பட்டியின் ஒரு மூலையில் படலோ மூங்கில் தட்டியோ வைத்து அடைத்து, குட்டி நுழையும் அளவுக்கு மட்டும் கீழே ஒரு வழி விட்டால் போதும். முட்டினால் ஓடி ஒளிய இடம், அங்கிருந்தே ஆட்டைப் பார்த்துப் படுக்க இடம். விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்தால் அந்தக் கணமே அதட்டி நிறுத்த வேண்டும். விளையாட்டு என்று விட்டால் பிறகு பழக்கமாகிவிடும்.

எந்த இனம் என்ற கேள்வி எப்போதும் வரும். கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் வேட்டைக்கு வந்தவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இயல்பு. கோம்பை காவலுக்குப் பேர்போனது. இராசபாளையம் நாயும் நல்ல காவல் நாய்தான், 2005-இல் தபால்தலையில்கூட இடம்பெற்றது. ஆனால் வெள்ளை மயிரும் இளஞ்சிவப்பு மூக்குமாக உள்ள இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. வாங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். வெயிலும் அதன் தோலுக்கு ஆகாது. காசு கொடுத்து இன நாய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அமைதியான நாட்டு நாயின் குட்டி, சரியாகப் பழக்கினால், பட்டிக்குப் போதும்.

ஒற்றை நாய் பத்து நாயை எதிர்த்து நிற்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குரைத்து எழுப்புவதே அதன் வேலையில் பாதி. எழுந்துவர மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டிக்கு வலுவான வேலி வேண்டும். 5 அடிக்குக் குறையாத கம்பிவலை போட்டு, அதன் அடிப்பகுதியில் ஓர் அடியை வெளிப்புறமாக மடக்கி மண்ணில் புதைத்து மேலே கல் அடுக்கினால், தோண்டி நுழைவதும் நிற்கும். வலைக்கு வசதியில்லாதவர்கள் கிளுவை இடைவெளிகளையாவது மழைக்காலத்தில் புதுக்கழி ஊன்றி அடைத்துவிட வேண்டும்.

வீடு எப்படி இருக்க வேண்டும்

வளர்ந்த பட்டி நாய்க்குப் பட்டிக் கதவை ஒட்டி, ஆடுகள் கண்ணில் படும்படியாக, ஒரு சிறு குடில் போதுமானது. அளவுக்குப் புத்தகம் பார்க்க வேண்டாம். மூக்கிலிருந்து வாலின் அடி வரை அளந்து அதற்கு மேல் ஒரு சாண் நீளம். உள்ளே நின்றால் தலை இடிக்காத உயரம். படுத்தபடி திரும்புவதற்கு வேண்டிய அகலம். 2 அடி உயரமுள்ள நாய்க்கு ஏறக்குறைய மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், 3 அடி உயரம் வரும். இதைவிடப் பெரிதாகக் கட்டினால் மழைக்காலத்தில் உள்ளே சூடு நிற்காது, ஆட்டுக்குட்டிகளும் குடிவந்துவிடும்.

தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, செங்கல் மேல் பலகையோ பனஞ்சட்டமோ அடித்தால் ஈரம் ஏறாது. வாசல் தெற்குப் பார்த்து இருப்பது கொங்குப் பகுதிக்கு ஏற்றது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் சாரலும் உள்ளே புகாது. கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். தகரத்தின் மேல் தென்னந்தடுக்கோ பனையோலையோ பரப்பிக் கட்ட வேண்டும். வேப்பமர நிழல் கிடைத்தால் அதைவிட நல்ல கூரை வேறில்லை. பழைய பீப்பாயைப் படுக்க வைத்து நாய் வீடாக்குவது எளிய வழிதான். ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். சாயப்பட்டறை இரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.

வெயிலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். காற்றோட்டமில்லாத இரும்புக் கூண்டில் மதியம் அடைபட்ட நாய்க்கு அது 106-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் ஒழுகத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிற வேண்டும், உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

சங்கிலி பற்றியும் ஒரு சொல். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் குற்றம் என்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் சொந்த நன்மைக்காகவே இதைக் கடைப்பிடிக்கலாம். பகல் முழுவதும் நான்கடிச் சங்கிலியில் கிடக்கும் நாய் வெறுப்பேறிக் கண்டவரையெல்லாம் கடிக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு கம்பங்களுக்கு இடையே கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம் ஓடும்படி செய்து சங்கிலியை மாட்டினால் நாய் அங்கும் இங்கும் நடக்கலாம். இரவில் பட்டிக்குள் அவிழ்த்துவிட வேண்டும்.

வீட்டில் குடியிருக்கும் நோய்கள்

நாய் உண்ணிகளில் பழுப்பு நிறமான ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கெனல் உண்ணி என்றே ஒரு பெயர் உண்டு. மிகவும் பொருத்தமான பெயர். இது நாயின்மேல் இருக்கும் நாள் குறைவு, நாயின் வீட்டில் இருக்கும் நாளே அதிகம். இரத்தம் குடித்து உப்பியதும் கீழே இறங்கி, சுவர் விரிசல், பலகை இடுக்கு, கூரைச் சந்து என்று ஏறி ஒளிந்துகொள்ளும். அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரை கிடைக்காமலே பல மாதம் காத்திருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, 'பத்து நாளில் மறுபடியும் ஏறிவிட்டது, மருந்து சரியில்லை' என்று குறை சொல்பவர்கள் வீட்டைப் பார்க்க மறந்தவர்கள். நாயைக் குளிப்பாட்டி மருந்திடும் அதே நாளில் விரிசலைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, படுத்திருந்த சாக்கை எரித்துவிட வேண்டும். இந்த உண்ணி பரப்பும் இரத்த நோயில் நாய் சோர்ந்து, மூக்கில் இரத்தம் கசிந்து இறந்துபோவதும் உண்டு. பயிருக்கு அடிக்கும் மருந்தை உண்ணிக்கென்று நாய்மேல் தடவும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். நாய் தன்னைத்தானே நக்கும், நஞ்சு நேரே வயிற்றுக்குப் போகும்.

இன்னொன்று பார்வோ நோய். 1978-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய இந்த நச்சுயிரி குட்டிகளுக்கு வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கி இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். குட்டி இறந்த பிறகும் கிருமி இறப்பதில்லை. அந்த இடத்து மண்ணிலும் பலகையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டி இறந்ததும் ஆசையோடு இன்னொரு குட்டி வாங்கி அதே வீட்டில் விட்டால் அதுவும் அதே நோயில் போவது இதனால்தான். 'இந்த இடம் நாய்க்கு ராசியில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். ராசி அல்ல, கிருமி. பழைய குடிலை எரித்துவிட்டு வேறு மூலையில் புதிதாகக் கட்டுவதும், எரிக்க முடியாததைக் கழுவிக் காயவைத்து, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து நனைப்பதும் பயன் தரும். புதுக்குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்தினால் பயன் குறைவு.

கெனல் இருமல் என்று ஒன்றும் உண்டு. பெயரைக் கேட்டுப் பயந்து வீட்டைப் பிரிக்க வேண்டாம். பல நாய்கள் நெருக்கமாக அடைபடும் இடங்களில் மூச்சு வழியாகத் தொற்றும் வறட்டு இருமல் அது. பட்டியில் தனியே கிடக்கும் நாய்க்கு அவ்வளவாக வராது.

தலையும் ஈரலும்

நாய்க்கு ஆட்டின் தலையையும் ஈரலையும் பச்சையாக வீசும் வழக்கம் பட்டிகளில் உண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் தெளிந்த நீர் நிறைந்த கட்டிகள் சில சமயம் காணப்படும். அதைத் தின்ற நாயின் குடலில் மிகச் சிறிய நாடாப்புழுக்கள் வளர்ந்து, அவற்றின் முட்டை சாணத்தோடு புல்லில் விழும். புல்லை மேய்ந்த ஆட்டுக்கு மறுபடியும் நீர்க்கட்டி. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோறு உண்ட மனிதருக்கும் அதே நீர்க்கட்டி ஈரலில் வளர்ந்து அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். ஆட்டுத் தலையில் உள்ள மூளைக் கட்டியாலும் இப்படி ஒரு சுற்று உண்டு. அந்தக் கட்டி வந்த ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கிறார்கள். மூளையில் கட்டி உள்ள தலையை நாய்க்குப் போடாமல் இருந்திருந்தால் அந்த ஆட்டுக்கு அது வந்திராது. இறைச்சிக் கழிவை நன்றாக வேகவைத்தே நாய்க்குப் போட வேண்டும், செத்த ஆட்டை ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் கலந்த மாத்திரையை எடைக்கு ஏற்பக் கொடுப்பது அவசியம். ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்தையே அளவு தெரியாமல் நாய்க்கும் ஊற்றுவது சில நாய்களுக்கு ஆபத்தாக முடியும்.

வெறிநோய் பற்றித் தெரியாதவர் இல்லை என்றாலும் பட்டி நாய்க்கு ஊசி போட்டவர் குறைவு. தெருநாயோடு முதலில் மோதுவது பட்டி நாய்தான். 3 மாத வயதில் ஓர் ஊசியும், மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒன்றும் போட வேண்டும். தெருநாய் கடித்துப் பிழைத்த ஆடுகளுக்கும் மருத்துவர் சொல்லும் நாள்கணக்கில் ஊசி உண்டு, காயம் ஆறிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. மனிதரைக் கடித்தால், அது சொந்த நாயாகவே இருந்தாலும், கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்க வேண்டாம். நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல கால்நடை மருந்தகங்களில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். வீட்டு நாயைக் கூட்டிப்போகிறவர்கள் பட்டி நாயையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகலாம். அன்று ஒரு நாளைக்கு ஆட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாராவது ஒருவர் கொறங்காட்டில் இருந்தால் போதும்.